மலைமுகட்டை மறைக்கும் மூட்டம்: அதன் துணிக்கைகள் எங்கே, எப்படிப் பிறந்தன என்று கண்டறியும் முறை

ஹப்புத்தளையின் தெற்கு விளிம்பில் நின்றால், காற்று தெளிந்திருக்கும் நாளில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அம்பாந்தோட்டைக் கரையோரம் வரை பார்வை செல்லும்; மூட்டம் ஏறிய நாளிலோ அடிவாரத்துச் சமவெளிகூட வெளிறிப் போய்விடும். இரண்டு நாட்களிலும் காற்றில் துணிக்கைகள் இருக்கவே செய்கின்றன. மாறுவது அவற்றின் எண்ணிக்கையும் பருமனும் அவை ஆன பொருளும்தான். மலையகத்தில் வாழும் ஆசிரியரும் உயர்தர மாணவரும் தோட்டத்து இளைஞரும், பெரிய ஆய்வுகூடம் எதுவும் இல்லாமலேயே, அத்துணிக்கைகளின் பிறப்பை எவ்வளவு தூரம் துப்பறியலாம் என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

துணிக்கை காற்றுக்குள் வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துணிக்கையாகவே கிளம்புவது: அலை உடையும்போது தெறிக்கும் கடலுப்பு, வீதிப் புழுதி, மகரந்தம், பூஞ்சை வித்தி, விறகடுப்பும் டீசல் எஞ்சினும் கக்கும் புகைக்கரி ஆகியவை இவ்வகை. மற்றது, வாயுவாக வெளியேறி, காற்றில் வேறு வாயுக்களோடு வினைபுரிந்து, ஆவியாக நிற்க இயலாத பொருளாக மாறி, அதன் பின்னர் ஒடுங்கித் துணிக்கையாவது. முன்னதை முதல்நிலைத் துணிக்கை என்றும் பின்னதை இரண்டாம்நிலைத் துணிக்கை என்றும் அழைப்பர். மூட்டத்தைக் கண்டதும் “எங்கே எரிகிறது?” என்று கேட்பது நம் வழக்கம், அந்தக் கேள்வி முதல்நிலைத் துணிக்கைக்கு மட்டுமே போதுமானது. இரண்டாம் நிலைக்கு, எந்த வாயு வெளியேறியது, வழியில் அது எதைச் சந்தித்தது, எவ்வளவு நேரம் வெயிலிலும் முகிலிலும் கிடந்தது என்ற மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். தூரத்து மலையை மறைக்கும் நுண்துணிக்கைகளில் பெரும்பங்கு இவ்வாறு வழியில் பிறந்ததாகவே இருப்பதால், இவ்வழிகாட்டியும் அந்தப் பகுதியிலேயே அதிகம் தங்கும்.

அளவு தெரியாமல் எதுவும் தெரியாது

தலைமயிர் ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டர் மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு). புழுதி, மகரந்தம், கடலுப்பு ஆகியவற்றின் பெரும்பகுதி 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட பருந்துணிக்கைகளாகும். அவை சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாட்களில், தம் எடையாலேயே கீழே படிந்துவிடும். மறு எல்லையில், வாயுவிலிருந்து அப்போதுதான் பிறந்த துணிக்கை 1 அல்லது 2 நானோமீட்டர் (மைக்ரோமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே இருக்கும். அது ஒன்று ஆவியை ஏற்று வளரும், அல்லது பெரியதொன்றோடு மோதி அதில் ஒட்டி மறையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 0.1 முதல் 1 மைக்ரோமீட்டர் வரையான துணிக்கைகளே காற்றில் நெடுநாள் தங்குபவை. படிவதற்கு எடை போதாமலும், மோதி ஒட்டுவதற்கு வேகம் போதாமலும் இருப்பதால், மழை வந்து கழுவும் வரை அவை ஒரு வாரம்வரை மிதக்கும். அந்த ஒரு வாரத்தில் வங்காள விரிகுடாவையே கடந்துவிடும். ஒளியின் அலைநீளமும் இதே அளவினது என்பதால், பார்வையை மறைப்பதிலும் இவையே முதலிடம் பெறுகின்றன.

பி.எம். 2.5 என்று செய்திகளில் வருவது, 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த விட்டமுள்ள எல்லாத் துணிக்கைகளினதும் மொத்த நிறையாகும். இலங்கையின் 2008ஆம் ஆண்டு நியமம் அதனைக் கனமீட்டருக்கு ஆண்டுச் சராசரியாக 25 மைக்ரோகிராம் என்றும், 24 மணி நேரச் சராசரியாக 50 மைக்ரோகிராம் என்றும் வரையறுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டல் அளவுகள் முறையே 5, 15 என மிகவும் இறுக்கமானவை. நிறையைச் சொல்லும் எண் பொருளைச் சொல்லாது என்பதை மட்டும் மறவாதீர்கள்: கடலுப்பு 20 மைக்ரோகிராமும் புகைக்கரி 20 மைக்ரோகிராமும் அந்த எண்ணில் ஒன்றுதான்.

கண்ணால் தொடங்குதல்

உங்கள் பாடசாலை முற்றத்திலிருந்தோ லயத்து முகப்பிலிருந்தோ தெரியும் நான்கைந்து மலைமுகடுகளைத் தேர்ந்து, வரைபடத்தில் அவற்றின் தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று அருகிலும், ஒன்று பத்துக் கிலோமீட்டர் அளவிலும், ஒன்று இயன்றவரை தொலைவிலும் இருக்கட்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில், எந்த முகடு வானத்தோடு கலந்து மறையும் நிலையில் உள்ளது என்று எழுதுங்கள். 3.9 என்ற எண்ணை அந்த முகட்டின் தூரத்தால் வகுத்தால், காற்று ஒரு கிலோமீட்டரில் ஒளியை எவ்வளவு நலிவுறச் செய்கிறது என்ற குணகம் கிடைக்கும். 20 கிலோமீட்டர் முகடு மறையும் நாளில் அது ஏறத்தாழ 0.2, துணிக்கையே இல்லாத தூய காற்றில், கடல்மட்டத்தில், ஏறத்தாழ 0.013. எளிய கணக்குத்தான், ஆனாலும் பல மாதங்கள் தொடர்ந்து எழுதினால் இதற்கு ஈடான மலிவான கருவி வேறில்லை.

அடுத்தது நிறம். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துணிக்கைகள் நீல ஒளியையே அதிகம் சிதறடிக்கின்றன; அலைநீளத்தை எட்டியும் தாண்டியும் வளர்ந்தவை எல்லா நிறத்தையும் சமமாகச் சிதறடித்து வெண்மையாகத் தோன்றுகின்றன; புகைக்கரி ஒளியை விழுங்குவதால் மூட்டம் பழுப்பும் சாம்பலும் கலந்ததாகிறது. ஆனால் தூய காற்றுகூடத் தூரத்து மலையை நீலமாக்கும் என்பதால், நீலத்தைக் கண்டவுடன் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. துருவப்படுத்தும் கறுப்புக் கண்ணாடி ஒன்று இங்கே உதவும். சூரியனுக்குச் செங்குத்தான திசையில் பார்த்துக்கொண்டு கண்ணாடியைச் சுழற்றினால், சிறு துணிக்கைகளாலும் காற்று மூலக்கூறுகளாலும் உண்டான நீல மங்கல் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் தெளிவாகக் குறையும். முகில்துளிகளால் ஆன வெண்மூட்டமோ அசைந்து கொடுக்காது. அத்துடன் சூரியன் முதுகுக்குப் பின்னால் உள்ளபோதும், சூரியன் இருக்கும் பக்கமாகவும் (சூரியனை நேரே நோக்காமல்) ஒரு தடவை பாருங்கள். வளர்ந்த துணிக்கைகள் ஒளியை முன்னோக்கியே அதிகம் சிதறடிப்பதால், சூரியன் உள்ள பக்கத்து மூட்டம் கண் கூசுமளவுக்கு ஒளிரும்.

பனிமூட்டத்தைப் பிரித்தறிதல்

நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் அட்டனிலும் இந்த வேலையைச் செய்பவருக்கு முதல் இடர் பனிமூட்டமே. இப்போது பரவலாக விற்கப்படும் மலிவான லேசர் உணர்கருவிகள், தம்முன் கடக்கும் துணிக்கை சிதறடிக்கும் ஒளியை வைத்தே அளவைக் கணிக்கின்றன; நீர்த்துளியையும் புகைத்துணிக்கையையும் அவற்றால் வேறுபடுத்த இயலாது. எனவே மூடுபனி நாளில் அவை காட்டும் பெரிய எண் பெரும்பாலும் தண்ணீரின் எண்ணே. இத்தகைய எண்ணைச் சமூக வலைத்தளத்தில் பகிர்ந்து ஊரைக் கலவரப்படுத்துவோரைக் காணும்போது, ஈரப்பதமானி ஒன்றையும் சேர்த்து வாங்கியிருக்கலாமே என்று தோன்றுகிறது.

சாரீரப்பதனை, அதாவது காற்று ஏற்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் அதில் உள்ளது என்பதை, ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளால் அளந்து, ஒவ்வொரு பதிவோடும் சேர்த்தே எழுத வேண்டும். காரணம் இது: அமோனியம் சல்பேற்றுத் துணிக்கை உலர்ந்த நிலையில் சிறு பளிங்காக இருக்கும், சாரீரப்பதன் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் தொட்டவுடன் நீரை உறிஞ்சிக் கரைசற்றுளியாகி வீங்கும். கடலுப்பின் முக்கிய கூறாகிய சோடியம் குளோரைட்டுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 75 சதவீதம். துணிக்கைகளின் எண்ணிக்கை கொஞ்சமும் கூடாமலேயே மாலை ஈரத்தில் மூட்டம் தடித்துவிடுவது இதனால்தான். ஆகவே நாட்களை ஒப்பிடும்போது, சாரீரப்பதன் 70 சதவீதத்துக்குக் குறைந்த நேரத்துப் பதிவுகளை மட்டும் எடுத்து ஒப்பிடுவது நன்று. மலையகத்தில் அது பெரும்பாலும் முற்பகல் பதினொரு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில் கிட்டும். அடைமழைக் காலத்தில் கிட்டாமலும் போகும்.

பனிமூட்டமும் துணிக்கை இன்றி உருவாவதில்லை என்பதைக் காட்ட ஒரு பிளாஸ்டிக் போத்தல் போதும். சிறிதளவு இளஞ்சூட்டு நீரை ஊற்றி, மூடி, நன்றாக அழுத்திச் சட்டென்று விடுங்கள்: மெல்லிய மங்கல் தோன்றினாலும் தோன்றும், ஒன்றும் தோன்றாமலும் போகலாம். பின்னர் எரியும் தீக்குச்சியை அணைத்து, அதன் புகையைச் சிறிது உள்ளே விட்டு, மீண்டும் அழுத்தி விடுங்கள். போத்தல் முழுவதும் முகில் நிறையும். ஸ்கொட்லாந்துக்காரரான ஜோன் எய்ற்கின் 1880இல் இதே உண்மையைத்தான் கண்ணாடிக் கலனுக்குள் நிறுவினார். தூசு நீக்கிய காற்றுக்குள் நீராவியைச் செலுத்தியபோது மூடுபனி தோன்றவில்லை. 10 முதல் 100 நானோமீட்டர் வரையான துணிக்கை வகுப்பு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

முதல்நிலைத் துணிக்கைகளைப் பிடித்தல்

நுணுக்குக்காட்டிக் கண்ணாடித் தகட்டில் வாசலினை மெல்லியதாகப் பூசி, மழை படாத உயரமான இடத்தில் ஒரு நாள் வைத்து, பாடசாலை நுணுக்குக்காட்டியில் பாருங்கள். மகரந்தம் ஒழுங்கான வடிவத்தாலும், மண்துகள் கூர்விளிம்பாலும், புகைக்கரி கறுத்த திரளாகவும் தெரியும். தேயிலைத் தொழிற்சாலையின் விறகு உலைக்கு அருகிலும், பஸ் தரிப்பிடத்திலும், காட்டோரத்திலும் தகடுகளை வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு வெளிப்படும். ஆனால் இந்த முறையில் பிடிபடுவன பருந்துணிக்கைகள் மட்டுமே. 20 கிலோமீட்டர் முகடு மறைந்த நாளில்கூடத் தகட்டில் பெரிதாக எதுவும் விழாதிருந்தால், அதுவே ஒரு சான்று: அந்த மூட்டம் நுண்துணிக்கைகளால் ஆனது, அதன் பெரும்பங்கு வாயுவிலிருந்து பிறந்திருக்கக் கூடும்.

வாயு துணிக்கையாவதைக் கண்முன் காட்டுதல்

இரண்டாம்நிலைப் பிறப்பை மாணவருக்கு நம்பவைப்பது எளிதன்று. கண்ணுக்குத் தெரியாத இரண்டு வாயுக்கள் சேர்ந்து திண்மம் ஆகும் என்றால் சொல்லளவில் நிற்கும். பாடசாலை ஆய்வுகூடத்தில் நன்கறியப்பட்ட ஒரு சோதனை இதற்குப் பொருத்தமானது. நீண்ட கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் அமோனியாக் கரைசலில் நனைத்த பஞ்சையும், மறுமுனையில் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் நனைத்த பஞ்சையும் ஒரே நேரத்தில் அடைத்து வைத்தால், சில நிமிடங்களில் குழாய்க்குள் வெண்புகை வளையம் ஒன்று தோன்றும். அது அமோனியம் குளோரைட்டுத் துணிக்கைகளால் ஆனது. அமோனியா இலேசானதால் விரைந்து பரவுகிறது; வளையமும் அமில முனைக்கு அண்மையிலேயே உருவாகும். இச்சோதனையை ஆசிரியர் மட்டும், புகைபோக்கி அறையிலோ நல்ல காற்றோட்டத்திலோ, கையுறையும் கண்காப்பும் அணிந்து செய்ய வேண்டும்.

இதே வினை வெளியில் நிகழும்போது அமிலம் மட்டும் மாறும். வாகனங்களும் உலைகளும் விடும் நைதரசன் ஒட்சைட்டுகள் பகல் வெயிலில் ஐதரொட்சைல் மூலிகத்தால் (வெயிலில் உருவாகி, பிற வாயுக்களோடு உடனே வினைபுரியும் OH என்ற கூறு) நைத்திரிக் அமிலமாகின்றன. நுவரெலியா மரக்கறித் தோட்டங்களில் இடப்படும் கோழியெருவிலிருந்தும், தேயிலை மலைகளில் தூவப்படும் யூரியாவிலிருந்தும், மாட்டுத் தொழுவங்களிலிருந்தும் அமோனியா எழுகிறது. இரண்டும் சேர்ந்தால் அமோனியம் நைத்திரேற்று. இது குளிரில் துணிக்கையாக நிற்கும். சூடேறினால் மீண்டும் வாயுக்களாகப் பிரிந்துவிடும். எனவே தை மாதத்துக் குளிரிரவில் நுவரெலியாப் பள்ளத்தாக்கில் நிலைத்திருக்கக்கூடிய துணிக்கை, அதே காற்று நண்பகலில் தாழ்நிலத்துக்கு இறங்கினால் ஆவியாகிவிடலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அமோனியா முதலில் சல்பூரிக் அமிலத்தையே நாடும், அதனை நடுநிலையாக்கிய பின் மிஞ்சும் அமோனியாவுக்குத்தான் நைத்திரிக் அமிலம் கிட்டும்.

அந்தச் சல்பூரிக் அமிலத்தின் கதையே மலையகத்துக்கு மிகவும் உரியது. கந்தகவீரொட்சைட்டு (SO₂ வாயு), நிலக்கரியையும் கந்தகம் கலந்த டீசலையும் எரிப்பதால் வருகிறது, எரிமலையாலும் வருகிறது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை அடுக்குமண்டலத்துக்குள் செலுத்திய ஒன்றரைக் கோடி தொன்னுக்கும் மேற்பட்ட கந்தகவீரொட்சைட்டு, சல்பேற்றுத் துணிக்கைகளாக மாறி, பூமியின் சராசரி வெப்பநிலையை அடுத்த ஆண்டில் ஏறத்தாழ அரைப் பாகை செல்சியசு குறைத்தது. கடலின் நுண்தாவரங்கள் வெளிவிடும் இருமெதைல் சல்பைட்டும் காற்றில் ஒட்சியேறிக் கந்தகவீரொட்சைட்டையும் சல்பூரிக் அமிலத்தையும் தரும். இலங்கையைச் சூழ்ந்த கடலும் இதற்கு விலக்கன்று. ஆகவே சல்பேற்று இருக்கிறது என்பதால் மட்டும் மனிதனே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

கந்தகவீரொட்சைட்டு சல்பேற்றாக மாற இரண்டு பாதைகள் உள்ளன. வெறும் காற்றில், ஐதரொட்சைல் மூலிகத்தை மட்டும் நம்பினால், அதற்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ செல்லும். முகில்துளிக்குள் கரைந்துவிட்டாலோ, அங்குள்ள ஐதரசன் பேரொட்சைட்டு அதனை நிமிடங்களிலும் மணிகளிலுமே சல்பேற்றாக்கிவிடும். உலகின் சல்பேற்றில் பாதிக்கு மேல் இவ்வாறு முகிலுக்குள் உருவாவதாகக் கருதப்படுகிறது. நாம் காணும் முகில்களில் பெரும்பாலானவை மழையாகாமல் கலைந்து போகின்றன. துளி வற்றும்போது உள்ளே உருவான சல்பேற்று அங்கேயே தங்கி, நுழைந்த துணிக்கையைவிடப் பருத்த துணிக்கை வெளியேறுகிறது. சிவனொளிபாதமலையின் சரிவிலும் ஓட்டன் சமவெளியின் விளிம்பிலும் காற்று மலையேறிக் குளிர்ந்து முகிலாகி, மறுபுறம் இறங்கி வற்றுவதை நாள்தோறும் காணலாம். அந்த முகில் வெறும் திரையன்று, அது வினை நடக்கும் இடம். நீங்கள் செய்ய வேண்டியது, முகில் தவழும் முகட்டின் காற்று ஏறும் பக்கத்திலும் இறங்கும் பக்கத்திலும் பார்வைத் தூரத்தை ஒரே நாளில் பதிவதுதான். சாரீரப்பதன் ஒத்திருந்தும், மழை பெய்யாதிருந்தும், இறங்கும் பக்கம் கூடுதலாக வெளிறியிருந்தால், முகில்வழிச் சல்பேற்றை ஐயுறலாம்.

மரங்கள் விடும் ஆவி

தாவரங்கள் வெளிவிடும் ஐசோப்பிரீன் மட்டும் உலகளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி தொன். மனிதச் செயல்களால் வெளியேறும் எல்லாச் சேதன (காபன் சேர்ந்த) ஆவிகளையும்விட இது அதிகம். ஐசோப்பிரீன் வெளிச்சத்தில் உருவாகி உடனே வெளியேறுவது, இரவில் நின்றுவிடும். பைனஸின் பிசினிலும் யூகலிப்டசின் இலைச் சுரப்பிகளிலும் தேங்கியுள்ள டெர்பீன்களோ வெப்பத்தைப் பொறுத்து வெளியேறுபவை. ஹந்தானையின் பைனஸ் காட்டுக்குள் நடப்பவருக்கு வெயில் ஏற ஏற மணம் கூடுவது தெரியும். கொழுந்து கிள்ளும்போது எழும் பச்சை மணமும், வாட்டும் தட்டில் இலை விடும் மணமும் இதே வகைச் சேதன ஆவிகள்தாம்; தேயிலையின் நறுமணத்துக்குக் காரணமான லினலூல்கூட ஓசோனோடு வினைபுரிந்து துணிக்கைப் பொருளைத் தரவல்லது.

இந்த ஆவிகள் தாமாகத் துணிக்கை ஆவதில்லை. பகலில் ஐதரொட்சைல் மூலிகமும் ஓசோனும், இரவில் நைத்திரேற்று மூலிகமும் அவற்றை ஒட்சியேற்ற, மூலக்கூறில் ஒட்சிசன் கூடக் கூட அதன் ஆவியாகும் இயல்பு குன்றி, அது இருக்கும் துணிக்கைகள்மீது படியும். 1960இல் பிரிற்ஸ் வென்ற் என்ற தாவரவியலாளர், காடுகளின்மேல் தோன்றும் நீல மூட்டத்துக்கு இவ்வாறு மாறிய தாவர ஆவிகளே காரணம் என்று முன்வைத்தார். ஐசோப்பிரீனில் சிறு பங்கே துணிக்கையாகும். பைனஸின் பினீன் போன்ற டெர்பீன்களில் அதைவிடக் கூடிய பங்கு ஆகும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பதில் மனிதனின் கை புகுகிறது. அமிலத் தன்மையுள்ள சல்பேற்றுத் துணிக்கைகள் முன்பே இருந்தால், ஐசோப்பிரீனின் வினைவிளைவுகள் அவற்றுள் புகுந்து நிலைபெறுகின்றன. கந்தகமோ வாகனத்திலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வந்திருக்கும், காபனோ மரத்திலிருந்து வந்திருக்கும். இப்படிப் பிறந்த துணிக்கையை இயற்கையின் கணக்கில் எழுதுவதா மனிதனின் கணக்கில் எழுதுவதா என்ற கேள்விக்கு, என் கருத்தில், நேர்மையான விடை “இரண்டிலும்” என்பதே. மரத்தை வெட்டினால் மூட்டம் குறையும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவோர், கந்தகத்தை நிறுத்தினால் அதே மரத்தின் ஆவி குறைவான துணிக்கையையே தரும் என்பதைக் காணத் தவறுகிறார்கள்.

எதன்மீதும் படியாமல், முற்றிலும் புதிதாகத் துணிக்கை பிறப்பதும் உண்டு. மிகச் சிறிய துளியின் வளைந்த பரப்பிலிருந்து மூலக்கூறுகள் எளிதில் தப்பிவிடுவதால், பிறந்த கணத்திலேயே அது ஆவியாகிவிடும் வாய்ப்பே அதிகம். சல்பூரிக் அமிலமும் அமோனியாவும் நன்றாக ஒட்சியேறிய தாவர ஆவிகளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்போதுதான் அது தப்பிப் பிழைக்கிறது. ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தின் கிளவுட் பரிசோதனை, சல்பூரிக் அமிலமே இல்லாமலும் தாவர ஆவிகள் மட்டும் புதுத் துணிக்கையைத் தோற்றுவிக்க வல்லவை என்று 2016இல் காட்டியது. பழைய துணிக்கைகள் நிறைந்த காற்றில் ஆவி முழுவதையும் அவையே ஏற்றுக்கொள்வதால் புதுப் பிறப்பு அரிதாகும். இரவு மழை காற்றைக் கழுவிவிட்டு, காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும் நாளே அதற்கு உகந்தது. மலிவான லேசர் கருவிகள் 0.3 மைக்ரோமீட்டருக்குக் குறைந்தவற்றைக் காணாதாகையால், இதனை நீங்கள் நேரடியாக அளக்க இயலாது. அந்தக் காலையின் நேரத்தையும் வெயிலையும் மழையையும் குறித்து வைத்து, பிற்பகலில் நீலம் மெல்ல ஏறுகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

உள்ளூரா, வெளியூரா

பள்ளத்தாக்கின் அடியில் ஒன்றும் முகட்டில் ஒன்றுமாக இரண்டு உணர்கருவிகளை வைத்தால் பாதி விடை கிடைத்துவிடும். தெளிந்த இரவில் நிலம் குளிர்ந்து, குளிர்காற்று பள்ளத்தில் தேங்கி, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கும்; இதுவே வெப்பநிலை நேர்மாறல். விடியற்காலையில் லயங்களின் அடுப்பும் பஸ்களும் விடும் புகை அந்த மூடிக்குக் கீழேயே அடைபடுவதால், அடிக் கருவி காலை ஆறு ஏழு மணிக்கும் மாலை அடுப்பு நேரத்திலும் உச்சம் காட்ட, முகட்டுக் கருவி அமைதியாக இருக்கும். மலைகள் சூழ்ந்த கண்டி நகரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தூரத்திலிருந்து வந்த மூட்டமோ இரண்டு கருவிகளிலும் ஒத்து ஏறி, நேரம் பாராமல் நாள்கணக்கில் நிற்கும். மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் காற்றின் தரத்தை அளந்து வருவதால், அவர்களின் அளவீடுகளோடும் ஒத்துப் பாருங்கள். நாட்டின் பல மாவட்டங்கள் ஒன்றாக ஏறினால் காரணம் உங்கள் பள்ளத்தாக்குக்குள் இல்லை.

காற்றின் காலத்தை அறிந்தால் மீதி விடையின் பெரும்பகுதி வந்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவக்காற்று, பெருங்கடலின் உப்பை ஏற்றி வந்து, மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டித் தன்னையும் கழுவிக்கொள்கிறது. அதே காற்று ஊவாப் பக்கம் கச்சான் என்ற வறண்ட காற்றாக இறங்கும்போது மானாப் புல்வெளிகள் காய்ந்து, ஆடி ஆவணியில் பண்டாரவளை, எல்ல, பதுளைச் சரிவுகள் தீப்பிடிக்கின்றன. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குக் காற்று, இந்தியத் துணைக்கண்டத்தின் புகையையும் சல்பேற்றையும் வங்காள விரிகுடாவின் மேலாகக் கொண்டுவரும். 1999இல் நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வு, தமிழ்நாட்டில் பிறந்த வீரபத்ரன் ராமநாதனும் ஓசோன் ஆய்வுக்காக நொபெல் பரிசு பெற்ற பவுல் குருட்சனும் முன்னின்று நடத்தியது. இந்த வடகிழக்குக் காற்றுக் காலத்தில் வட இந்தியப் பெருங்கடல் மீது பரவும் பழுப்பு மூட்டத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் மனிதச் செயல்களால் வந்தது என்று அது மதிப்பிட்டது. 2022 டிசம்பரில் மண்டோஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்ற நாட்களில், வடக்கிலிருந்து இழுபட்ட மாசுக் காற்று நாடெங்கும் பரவி, டிசம்பர் 9ஆம் திகதி பாடசாலைகளுக்கு விடுமுறை விடவேண்டி வந்தது.

குறிப்பிட்ட ஒரு நாளின் காற்று வந்த வழியை அறிய, அமெரிக்கக் கடல்சார் வளிமண்டல நிர்வாகத்தின் ஹைஸ்பிளிட் என்ற கணிப்பை இணையத்தில் இலவசமாக இயக்கலாம். உங்கள் இடத்தின் அகலக்கோடு, நெடுங்கோடு, நாள், நேரம் ஆகியவற்றைக் கொடுத்து, பின்னோக்கிய பாதையைத் தெரிவுசெய்து, 120 மணி நேரத்துக்குக் கேளுங்கள். தரைக்கு மேல் 500, 1000, 1500 மீட்டர் என மூன்று உயரங்களுக்கும் தனித்தனிப் பாதை பெறுங்கள். அந்தக் கணிப்பு நம் மலைகளை உண்மையைவிடத் தாழ்வாகவும் மழுங்கலாகவும் கொள்வதால், ஒரே பாதையை நம்புவது தவறு. மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் ஏற்கலாம். பிரிந்தால் அந்த நாளைத் தள்ளி வையுங்கள். பின்னர் அந்தப் பாதையில் அதே நாட்களில் தீ எரிந்ததா என்று நாசாவின் ஃபர்ம்ஸ் தீ வரைபடத்தில் பாருங்கள்.

பதிவேட்டைப் படிக்கும் விதம்

பெப்ரவரி முற்பகல், சாரீரப்பதன் 60 சதவீதம், வெண்பழுப்பு மூட்டம், தகட்டில் பருந்துணிக்கை குறைவு, அடியும் முகடும் ஒரே அளவு, பாதை வங்காள விரிகுடாவிலிருந்து: இது பல நாள் பயணத்தில் மூத்த இரண்டாம்நிலைத் துணிக்கை, கூடவே புகைக்கரியும் வந்திருக்கும். புதுப் புகைக்கரி நீரை விலக்கும். பயணத்தில் சல்பேற்றும் சேதனப் பொருளும் அதன்மேல் படிந்தபின் நீரை ஏற்கும், ஒளியையும் முன்னைவிடக் கூடுதலாக விழுங்கும்.

ஆடி மாதப் பண்டாரவளை, வறண்ட கச்சான், தகட்டில் கறுத்த திரள், அருகில் தீப்புள்ளிகள், மணிக்கு மணி ஏறி இறங்கும் அளவு: பெரும்பகுதி முதல்நிலைப் புகை. இதற்கு அதிக யோசனை தேவையில்லை.

ஏப்ரலின் காற்றற்ற பிற்பகல்தான் சிக்கலானது. பைனஸ் தோப்புக்கு மேல் நீல மங்கல், துருவக் கண்ணாடியில் குறைகிறது, வெயிலோடு ஏறி மாலையில் தணிகிறது, கீழே நகர வாகனங்கள். தாவர ஆவியும் வாகன நைதரசன் ஒட்சைட்டும் கலந்த பிறப்பு என்று ஐயுறலாமேயன்றி, அவற்றின் பங்கைக் கண்ணால் பிரிக்க முடியாது. அதற்கு வடிதாளில் துணிக்கைகளைச் சேகரித்து இரசாயனப் பகுப்புக்கு அனுப்ப வேண்டும். பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றின் உதவி கிடைத்தால் எவற்றைக் கேட்பது என்று முன்கூட்டியே தெரிந்திருங்கள்: விறகுப் புகைக்கு லெவோகுளுக்கோசானும் பொற்றாசியமும், கடலுப்புக்குச் சோடியமும் குளோரைட்டும், மண்ணுக்கு அலுமினியமும் சிலிக்கனும், கப்பல்களின் கனரக எண்ணெய்க்கு வனேடியமும் நிக்கலும் அடையாளங்கள். சல்பேற்று, நைத்திரேற்று, அமோனியம் மூன்றையும் தவறாது கேளுங்கள். எடுத்த வடிதாளை உடனே காற்றுப் புகாத பெட்டியில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, குளிர் குறையாமல் ஆய்வுகூடம் சேர்க்க வேண்டும். கண்டிக்கோ கொழும்புக்கோ போகும் வழியில் வெயிலில் கிடந்தால், அமோனியம் நைத்திரேற்று ஆவியாகிப் போய், நுவரெலியா இரவின் துணிக்கை வடிதாளில் இல்லாமலே போய்விடும்.